வெளுக்காத ஒரு துண்டு

காலையில் டெக்கில் ஏறினேன். பவளத் தொட்டியின் தண்ணீரைக் குளிரவைக்கும் சில்லர் ஓடும் சத்தமே இல்லை. கடல்தண்ணீர் இழுக்கும் குழாயில் சொறிமீன் அடைத்து பம்ப் நின்றிருந்தது. தொட்டியில் கை வைத்தால் தண்ணீர் வெதுவெதுவென்று இருந்தது.

அப்போது அமீரகத்தின் கிழக்குக் கரையில், புஜைராவில், ஒரு சர்வே போட்டில் நான் பம்ப் டெக்னீஷியன். தொட்டியில் இருந்தவை டாக்டர் மேடத்தின் பவளங்கள். மேடம் யாழ்ப்பாணத்துக்காரர். ஒரே இனப் பவளத்தைச் சூடு அதிகமான பாரசீக வளைகுடாப் பக்கத்திலும், சூடு குறைந்த புஜைராப் பக்கத்திலும் எடுத்து, ஒன்றாக வைத்துச் சோதிப்பது அவர் ஆராய்ச்சி. போட் ஹோர்முஸ் நீரிணையைச் சுற்றிப் போய் வந்ததே அதற்காகத்தான்.

"எல்லாம் போச்சு மேடம்" என்றேன்.

குனிந்து பார்த்தார். வளைகுடாத் துண்டுகள் நிறம் மாறாமல் இருந்தன. புஜைராத் துண்டுகள் சூடு தாங்காமல் சுண்ணாம்பாக வெளுத்திருந்தன, ஒன்றைத் தவிர.

"அண்ணை, எந்தப் பக்கத்துத் துண்டு எண்டு கட்டின டேக் மாறிப்போச்சோ?"

"நான்தான கட்டினேன். மாறலயே."

எனக்கே சந்தேகம் வந்துவிட்டது. மேடம் போட்டைத் திருப்பச் சொன்னார். டைவர் அதே பாறையில் இறங்கி, வெளுக்காத துண்டை வெட்டிய அதே தாய்ப் பவளத்திலிருந்து இன்னொரு துண்டும், பக்கத்தில் இருந்தவற்றில் சிலவும் கொண்டுவந்தார். இந்த முறை நாங்களே சூடேற்றினோம். பக்கத்துத் துண்டுகள் வெளுத்தன. அது வெளுக்கவில்லை.

"அப்போ வளைகுடாவில உள்ளதும் இப்பிடித்தான் சூட்டுக்குப் பழகிச்சா மேடம்?"

"பழகினது எண்டு மட்டும் சொல்ல ஏலாது அண்ணை. தாங்கக்கூடியது ஒண்டு ரெண்டு முந்தியே இருந்திருக்கும். மற்றதுகள் செத்திருக்கும். மிஞ்சினதின்ர பிள்ளையள்தான் இப்ப அங்க நிக்குது."

"ஆண்டவர் படைச்சது மாறுமா?"

"அதை என்னட்டக் கேக்காதையுங்கோ. இந்தத் துண்டு ஏன் வெளுக்கேல்லை எண்டே எனக்கு இன்னும் விளங்கேல்லை."

ஞாயிற்றுக்கிழமை மாதா கோயிலில் பூசை நடந்தது. என் மனம் அந்தத் துண்டில் கிடந்தது.

பிறகு நான் கரையில் கட்டட சைட்டுகளில் ஃபோர்மேன் ஆனேன். சைட்டுக்குப் புதிதாக வருகிறவர்கள், "வெயிலு பழகிருமாண்ணே?" என்று கேட்பார்கள். "பழகிரும்லே" என்பதுதான் எல்லோரும் சொல்லும் பதில். நானும் சொல்லியிருக்கிறேன். என்னோடு வந்தவர்களில் பாதிப்பேர் முதல் கோடையிலேயே ஊர் திரும்பிவிட்டார்கள். அவர்கள் யாரும் இங்கே நின்று பதில் சொல்வதில்லை. நான் பழகினேனா, சும்மா மிஞ்சினேனா? இன்றுவரை பிடிபடவில்லை.

ஒன்று மட்டும் கற்றேன். ஒருவன் தலை சுற்றுகிறது என்றால், "பழகிரும்" என்று சொல்லாதீர்கள். முதலில் நிழலில் உட்கார வையுங்கள்.