மீன் லொறிக்கு முன்னால் பொலிஸ்

றெபேக்கா அக்காவை நான் முதன்முதல் கண்டது என் பட்டமளிப்பு விழாவுக்கு முதல் நாள். எங்கள் பரம்பரையிலேயே கம்பஸ் வாசலை மிதித்த முதல் ஆள் நான். அப்பேர்ப்பட்டவன் யாழ்ப்பாண பஸ்ஸைக் கோட்டைவிட்டுவிட்டு, மினுக்கிய சேட்டோடு மன்னார் நடுத்தெருவில் முழித்துக்கொண்டு நின்றேன். ஐஸ் தண்ணீர் சொட்டச் சொட்ட ஒரு சின்ன லொறி பக்கத்தில் வந்து நின்றது. "எந்த பஸ் தம்பி? ஏறு கெதியா!" என்றது ஒரு பெண் குரல். திருக்கேதீஸ்வரச் சந்தியில் அந்த லொறி பஸ்ஸை மறித்து என்னை ஏற்றிவிட்டது. மறுநாள் அதே சேட்டோடு போய்ப் பட்டம் வாங்கினேன். பக்கத்துக் கதிரைக்காரி லேஞ்சியால் மூக்கைப் பொத்திக்கொண்டே இருந்தாள். எனக்கென்ன, பாரை மீன் மணத்தாலும் பட்டம் பட்டம்தான்.

"இப்படி ஓடுறீங்களே அக்கா, உங்களைப் பொலிஸ் ஒரு நாளும் மறிக்கேல்லையா?" என்று பிறகு கேட்டேன். அக்கா தலையில் கையை வைத்துக்கொண்டு சிரித்தார். அவர் சொன்ன கதைதான் இது.

தாழ்வுபாட்டில் றெபேக்காவைத் தெரியாத நாய்கூட இல்லை. கரையில் மீனை ஏலத்தில் எடுத்து, தானே லொறியில் ஏற்றி, தானே முருங்கன் சந்தைக்கு ஓட்டிப் போவார். கணவர் அருட்பிரகாசம் கடலுக்குப் போகிறவர். துடுப்பு மாதிரி இரண்டு கை. நாற்பது வயதுக்கு மேற்பட்டோர் உதைபந்தாட்ட அணிக்கு அவர்தான் கோல் காப்பாளர். கோயில் திருநாள் கிண்ணத்துக்கான இறுதி ஆட்டம் கதை நடந்த அன்று பின்னேரம் நாலு மணிக்கு. மனிசன் மத்தியானமே பச்சை ஜேர்சியைப் போட்டுக்கொண்டு கரையில் வலையில் சிக்கியதைத் தெரிந்தெடுத்துக்கொண்டிருந்தார்.

"இஞ்சாரப்பா," என்று சிரித்தபடி மனைவியிடம் வந்தார். "வலைக்குள்ள இருந்த கடல்பாம்பு ஒண்டு என்ர கையைக் கொஞ்சிப்போட்டுப் போகுது."

றெபேக்காவின் கையிலிருந்த மீன்கூடை கீழே விழுந்தது. கடல்பாம்பு கடித்தால் நோகாது. வீங்காது. அதை நம்பி வீட்டில் இருந்தவர்களுக்குக் கொஞ்ச நேரத்தில் கண்மடல் விழும், நாக்குத் தடிக்கும், பிறகு மூச்சு நிற்கும். தன் தகப்பனோடு தொழிலுக்குப் போன ஒருவர் அப்படிச் சிரித்துக் கதைத்துக்கொண்டிருந்தே செத்துப்போனதை றெபேக்கா கண்ணால் கண்டவர்.

ஆஸ்பத்திரி என்றால் மனிசன் அசையாது என்பதும் அவருக்குத் தெரியும். "மட்ச் நாலு மணிக்குத்தானே? கெதியா ஓடிப்போய் ஐஸ் எடுத்துக்கொண்டு வருவம், ஏறுங்கோ," என்றார். அருட்பிரகாசம் ஏறினார். ஐஸ் கடை பின்னால் போனபிறகுதான் அவருக்கு விளங்கியது.

"எடியே, எங்கயடி போறாய்?"

"சேசுவே, சும்மா இருங்கோ!"

லொறி பறந்தது. பின்னால் வெறும் மீன்பெட்டிகள் ஒன்றன்மேல் ஒன்று துள்ளின. மன்னார்ப் பட்டணத்துக்குள் நுழையும் வளைவில் வேப்பமர நிழலிலிருந்து ஒரு கை நீண்டது. மாற்றலாகி வந்து மாதமாகாத சிங்களச் சார்ஜன்ட்.

"எங்க இந்த வேகம்?"

"சேர், ஆஸ்பத்திரிக்கு! பாம்பு கடிச்சிட்டுது!"

சார்ஜன்ட் லைசன்சை வாங்கி ஆறுதலாகத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "காலையில இருந்து எல்லாரும் ஆஸ்பத்திரிதான் சொல்றது. ஒரு ஆள் கலியாண வீட்டுக்குப் புரியாணி கொண்டு போனது. நோயாளி எங்க?"

"இந்தா, பக்கத்தில!"

சார்ஜன்ட் குனிந்து பார்த்தார். பச்சை ஜேர்சிக்கு மேலே முப்பத்திரண்டு பல்லும் தெரிந்தன.

"வணக்கம் சேர். எனக்கு ஒண்டுமில்லை."

"பாம்பு கடிச்சது?"

"கடிச்சதுதான். சின்னது, பச்சைக் குழந்தை."

"பாம்பு எங்க?"

"திருப்பிக் கடலில விட்டிட்டன் சேர். அதுக்கும் வீடு வாசல் இருக்கும்தானே?"

"வாயை மூடுங்கோ!" என்று றெபேக்கா கத்தினார். "சேர், இந்தாள் சாகப்போகுது!"

"பாத்தீங்களா சேர், வாயில வாற வார்த்தையை? கட்டின நாள் முதல் இப்பிடித்தான். ஐஸ் எடுக்கப் போவம் எண்டு ஏமாத்தி ஏத்தினவ. எனக்கு நாலு மணிக்குப் பைனல். இவவுக்குத் தண்டம் எழுதுங்கோ. நல்ல வடிவா, ரண்டு துண்டில எழுதுங்கோ!"

சார்ஜன்டுக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. "எனக்கும் வீட்டில ஒரு நோனா இருக்குது," என்றபடி தண்டப் புத்தகத்தை விரித்தார்.

றெபேக்கா இறங்கி ஓடிவந்து அந்தப் புத்தகத்தின்மேலே கையை வைத்தார். "சேர், லைசன்சை வைச்சிருங்கோ. லொறியையும் வைச்சிருங்கோ. இவரை மட்டும் உங்கட மோட்டச் சைக்கிளில ஏத்திக்கொண்டு போங்கோ. இந்தப் பாம்பு நோகாமல்தான் கொல்லும். சிரிச்சுக்கொண்டேதான் சாவினம்."

சார்ஜன்டின் பேனா நின்றது. அவர் மறுபடியும் லொறிக்குள்ளே பார்த்தார். 'பொம்பிளையளின்ர கதையை விடுங்கோ' என்கிற மாதிரி அருட்பிரகாசம் அவரைப் பார்த்து ஒரு கண்ணைச் சிமிட்டினார். சார்ஜன்டும் பதிலுக்குச் சிமிட்டினார். சார்ஜன்டின் கண் திறந்தது. அருட்பிரகாசத்தின் கண் திறக்கவில்லை.

"அண்ணை, கண்ணைத் திற."

"திறந்துதானே கிடக்கு?"

அருட்பிரகாசம் விரலால் தன் கண்மடலைத் தூக்கிவிட்டுப் பார்த்தார். அது திரும்ப விழுந்தது. "இதென்ன, கடைச் சட்டர் மாதிரி?" என்று அவரே சிரித்தார். சிரிக்கும்போதே மற்றச் சட்டரும் மெல்ல இறங்கத் தொடங்கியது.

சார்ஜன்ட் புத்தகத்தை எங்கே எறிந்தார் என்று அவருக்கே தெரியாது. ஒரே பாய்ச்சலில் மோட்டார் சைக்கிளில் ஏறி, "பின்னால வா, அக்கா! வா, வா!" என்று சைரனைப் போட்டார். கொஞ்சத்துக்கு முன் வேகத்துக்காக மறித்தவர், இப்போது கையை ஆட்டி ஆட்டி, "வேகமா! வேகமா!" என்று கத்தினார். பஸ் ஒதுங்கியது. ஓட்டோக்கள் தெருவோரக் கானுக்குள் இறங்குகிற அளவுக்கு ஒதுங்கின. நடுத்தெருவில் நின்ற நாலு கழுதைகள் மட்டும் சைரனை மதிக்கவில்லை. சார்ஜன்ட் முதலில் சிங்களத்தில் ஏசினார், பிறகு தமிழில் கெஞ்சினார், கடைசியில் இறங்கி இரண்டு கையாலும் தள்ளினார். மீன் லொறிக்குப் பொலிஸ் பாதுகாப்பா என்று சனம் கடை வாசலில் நின்று கைதட்டியது. றெபேக்காவுக்கு அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்து மூக்கால் வழிந்தது.

"றெபேக்கா," தடித்த நாக்கால் அருட்பிரகாசம் கேட்டார். "ஏன் லைட்டை நிப்பாட்டினவங்கள்? மட்ச் இன்னும் முடியேல்லையே."

"இப்ப போட்டுவிடுவாங்கள். கதைச்சுக்கொண்டே இருங்கோ. என்னை ஏசுங்கோ. ஏசுங்கோப்பா!"

ஆஸ்பத்திரி வாசலில் சார்ஜன்ட் ஒரு பக்கமும் றெபேக்கா மறுபக்கமுமாகத் தூக்கி இறக்கினார்கள். உள்ளே கொண்டுபோன சற்று நேரத்தில் மூச்சு தளர்ந்தது. வைத்தியர்கள் மூச்சு மெசினைப் பூட்டினார்கள். அந்தக் கதவு திறக்கும்வரை சார்ஜன்ட் போகவில்லை, தொப்பியைக் கையில் பிடித்தபடி ஓரமாக நின்றார்.

"உயிருக்குப் பயமில்லை, மெசினில கொஞ்ச நாள் இருக்கவேணும்," என்று ஒரு வைத்தியர் வந்து சொன்னார். சார்ஜன்ட் சட்டைப் பையிலிருந்து லைசன்சை எடுத்து நீட்டினார்.

"அக்கா, நான் நிப்பாட்டினது பிழை."

"நீங்கள் நிப்பாட்டினது பரவாயில்லை சேர். அவரிட்டைக் கேட்டனீங்கள் பாருங்கோ, அதுதான் பிழை. இனி ஆரையும் மறிச்சால், நோயாளியைக் கேக்காதேங்கோ. கூட வாறவையின்ர முகத்தைப் பாருங்கோ."

சார்ஜன்ட் தலையாட்டினார்.

அருட்பிரகாசத்துக்கு மெசினைக் கழற்றியதும் முதலில் சொன்ன செய்தி, அவர் இல்லாமலே அணி கிண்ணத்தை வென்றது. பாம்பு கடித்தபோது நோகாத மனிசனுக்கு அப்போதுதான் நொந்ததாம்.

றெபேக்கா அக்கா லொறியை விற்றுவிட்டு இப்போது தாழ்வுபாட்டிலிருந்து பட்டணத்துக்குப் பாலர் பாடசாலை வான் ஓட்டுகிறார். அருட்பிரகாசம் தொழிலுக்குப் போகிறார். வாடைக்காற்றுக் காலத்தில் இடது கண் கொஞ்சம் சோரும். மற்றப்படி சுகம்.