சித்தப்பாவின் பாதித் தாடி

என்னுடைய ஒன்பதாவது வயதில் சித்தப்பாவின் தாடியில் பாதியை நான் வெட்டினேன். மீதிப் பாதியை அரசாங்கம் வெட்டியது. இரண்டு பேரில் நான் மட்டும்தான் அதற்காக இன்றுவரை வெட்கப்படுகிறேன். அரசாங்கத்துக்கு அந்தப் பழக்கம் கிடையாது.

அது மலாயாவில் வெள்ளைக்காரன் போட்ட அவசரகாலம். எங்கள் ரப்பர்த் தோட்டம் அசாம் ஜாவா என்ற சிற்றூரிலிருந்து லோரிப் பாதையில் மூன்று மைல் உள்ளே இருந்தது. காட்டிலிருந்த கம்யூனிஸ்டுகளுக்குச் சோறு போய்விடக் கூடாதென்று நாங்கள் குடியிருந்த லயத்து வரிசை வீடுகளைச் சுற்றி முள்கம்பி அடித்து, ஒரே ஒரு கேட் வைத்து, மூலையில் ஒரு காவல் கோபுரமும் கட்டியிருந்தார்கள். எங்களைப் பாதுகாக்கத்தான் இந்த ஏற்பாடு என்று தோட்டத்துத் துரை பேசினார். பாதுகாக்கிறவன் ஏன் துப்பாக்கியை உள்பக்கம் பார்த்து நீட்டுகிறான் என்று கேட்க அன்று தோட்டத்தில் ஆளில்லை. கேட்கக்கூடிய ஒரே ஆளை ஏற்கெனவே கொண்டுபோயிருந்தார்கள். அவர் என் அப்பா. தொழிற்சங்கக் கூட்டத்தில் இரண்டு தடவை பேசினார். மூன்றாம் தடவை பேசுவதற்குள் லோரி வந்துவிட்டது. கேஸும் இல்லை, கோர்ட்டும் இல்லை. ஏதோ ஒரு முகாமில் வைத்திருக்கிறார்கள் என்பது மட்டும்தான் எங்களுக்குத் தெரியும்.

நாங்கள் வேதக்கார வீடு, கிறிஸ்தவர்கள். ஞாயிற்றுக்கிழமைகளில் பள்ளிக்கூடக் கொட்டகையில் உபதேசியார் எங்களுக்குப் பாடம் நடத்துவார். பழைய எபிரேயர்களின் முடிமேல் அவருக்கு அப்படி ஒரு மோகம். தனக்கு வழுக்கை என்பதால் வந்த ஏக்கமாக இருக்கலாம். துக்கம் வந்தால் எபிரேயன் தலையை மழித்துக்கொள்வான். போரில் பிடித்து வந்த பெண்ணுக்குத் தலையை மழித்து, தாய் தகப்பனை நினைத்து அழ ஒரு மாதம் கொடுப்பார்கள். குஷ்டம் நீங்கியவன் புருவம்வரை சிரைத்துக்கொண்டுதான் ஊருக்குள் கால் வைக்கலாம். ஆண்டவருக்கு நேர்ந்துகொண்டவன் மட்டும் தலையில் கத்தி படவிட மாட்டான், திராட்சை ரசத்தைத் தொட மாட்டான். நேர்த்தி முடிகிற நாளில் மொத்த முடியையும் மழித்துப் பலிபீடத்து நெருப்பில் போட்டுவிட்டு வீட்டுக்குப் போவான்.

இதைக் கேட்டுக்கொண்டிருந்த பெரியவர்களில் என் சித்தப்பாவும் ஒருவர். அப்பாவைக் கொண்டுபோய் ஒரு மாதம்கூட ஆகாத சமயம். அன்று சாயங்காலமே அம்மாவிடம் வந்து சொன்னார்: "அண்ணி, அண்ணன் இந்தக் கேட்டுக்குள்ள வர்ற வரைக்கும் என் மூஞ்சியில கத்தி படாது." எங்கள் தோட்டத்தில் திராட்சை ரசம் ஏது? கள்ளுக்கடை இருந்தது. சித்தப்பா கள்ளை விட்டார். அதுவரை கள்ளுக்கடைக்கு அவர்தான் தூண் என்று பேசிக்கொள்வார்கள். அவர் விலகிய பிறகும் கடை நின்றதைப் பார்த்து எனக்கு ஆச்சரியம்.

ஆறு மாதத்தில், எல்லோருக்கும் அடையாளக் கார்டு என்று சொல்லி ஆபீஸ் வாசலில் வெள்ளைத் துணி கட்டிப் படம் பிடித்தார்கள். சித்தப்பாவும் தாடியோடு போய் நின்றார். தாடியோடு படம், தாடியோடு கார்டு. அதற்குப் பிறகு அரசாங்கத்தைப் பொறுத்தவரை அவர் தாடிதான். அந்தக் கார்டைத் தினமும் காலையில் கேட்டில் காட்டினால்தான் ரப்பர்ப் பாலுக்கு மரம் வெட்ட வெளியே போகலாம்.

இரண்டு வருஷம் போனது. தாடி நெஞ்சுவரை இறங்கியது. அப்பா வரவில்லை. லயத்தில் எல்லோரும் சித்தப்பாவைச் சாமியார் என்று கூப்பிட ஆரம்பித்தார்கள். அப்பாவின் நாற்காலியில் அவர் உட்கார்ந்தார். மீனில் நடுத்துண்டு அவருக்குப் போனது. வாய்ப்பாடு தப்பினால் என் காதைத் திருகும் உரிமையையும் எடுத்துக்கொண்டார். எனக்கு வந்த கோபத்தைச் சொல்லி மாளாது. ராத்திரி படுக்கையில் யோசித்து யோசித்து ஒருநாள் உண்மையைக் கண்டுபிடித்துவிட்டேன். தாடியை மழிக்கிற நாளில்தானே நேர்த்தி முடியும்? நேர்த்தி முடிந்தால் அப்பா வந்தாக வேண்டும் அல்லவா? ஆக, அப்பா வராததற்குக் காரணம் வெள்ளைக்காரன் இல்லை, சித்தப்பாதான். நாற்காலியையும் நடுத்துண்டையும் விட மனமில்லாமல் வேண்டுமென்றே தாடியை வளர்த்துக்கொண்டு இழுத்தடிக்கிறார்!

இவ்வளவு நேர்த்தியாக ஒரு விஷயத்தைத் தலைகீழாக யோசித்தவன் பிற்காலத்தில் கணக்கில் தோற்றதில் அதிசயமில்லை.

அன்று மத்தியானம் சித்தப்பா மரம் வெட்டிவிட்டு வந்து கேன்வாஸ் கட்டிலில் மல்லாந்து தூங்கிக்கொண்டிருந்தார். அம்மா குழாயடிக்குப் போயிருந்தாள். தையல் கத்தரிக்கோலை எடுத்தேன். வலது பக்கத் தாடியைக் கையால் சேர்த்துப் பிடித்து, கன்னத்தோடு ஒட்டி, மூன்று வெட்டு. மூன்றாவது வெட்டில் கண்ணைத் திறந்தார். என்னைப் பார்த்தார். என் கையைப் பார்த்தார். மெதுவாகத் தன் கன்னத்தைத் தொட்டுப் பார்த்தார்.

நான் ஓடினேன். முள்கம்பிக்குள் வாழ்கிறவன் எங்கே ஓடுவது? கம்பி ஓரமாகவே சுற்றிச் சுற்றி ஓடினேன். பின்னாலேயே பாதித் தாடியும் அவிழ்ந்த கைலியுமாகச் சித்தப்பா. முதல் சுற்றில் லயத்துச் சனம் வெளியே வந்தது. இரண்டாவது சுற்றில் சிரிக்க ஆரம்பித்தது. மூன்றாவது சுற்றில் கோபுரத்தில் இருந்த காவல்காரனும் துப்பாக்கியைச் சாய்த்து வைத்துவிட்டுக் கைதட்டினான். "சாமியாருக்கு ஒரு பக்கம் மழை, ஒரு பக்கம் வெயிலு லா!" என்று ஒரு மாமா கத்தினார். சித்தப்பா நின்றுவிட்டார். துண்டால் முகத்தை மூடிக்கொண்டு திரும்பி வீட்டுக்குள் போனார். நான் பயந்துகொண்டிருந்த அடி விழவே இல்லை. அதுதான் இன்னும் பயமாக இருந்தது.

அம்மா விழுந்து கிடந்த முடியை ஒரு இழைகூட விடாமல் பொறுக்கிப் பழைய பேப்பரில் மடித்து வைத்தாள். நேர்ந்த முடி காலில் படக் கூடாதாம். அப்புறம் கத்தரிக்கோலோடு சித்தப்பாவிடம் போனாள்.

"அந்தப் பக்கத்தையும் எடுத்துருவோம் தம்பி. பார்க்கச் சகிக்கல."

"எடுத்துட்டா கார்டுல இருக்கிறவன் நான் இல்லன்னு ஆயிரும் அண்ணி. பாதியாவது இருக்கட்டும். பாதி மனுசனாவது வெளிய போய் உள்ள வரலாம்."

செய்தி கேட்டு உபதேசியார் ஓடி வந்தார். ஆறுதல் சொல்லத்தான் வந்தார், பாவம், ஆனால் அவருக்குத் தெரிந்ததெல்லாம் எபிரேயர்கள்தான். ஒரு ராஜா துக்கம் விசாரிக்கத் தூதர்களை அனுப்ப, பக்கத்து நாட்டு ராஜா அவர்களுக்குப் பாதித் தாடியைச் சிரைத்துத் திருப்பி அனுப்பிய கதையை எடுத்தார். அந்த ஊரில் ஓர் ஆணுக்கு அதைவிட அவமானம் இல்லையாம். முடி வளரும்வரை வழியிலிருந்த ஒரு பட்டணத்திலேயே தங்கிக்கொள்ளுங்கள் என்று அவர்களுடைய ராஜா மரியாதையாகச் சொல்லி அனுப்பினாராம்.

துண்டுக்குள்ளிருந்து சித்தப்பா கேட்டார்: "நம்மள எந்தப் பட்டணத்துல தங்கச் சொல்றீங்க, ஐயா? கம்பிய தாண்டினா சுட்டுருவான்லா."

உபதேசியார் தொப்பியை எடுத்துக்கொண்டார். எழுந்து போய்விட்டார்.

மறுநாள் காலை. கேட்டில் ஒரு வெள்ளைக்காரச் சார்ஜன்ட் நிற்பான். மலாயாவுக்கு வருவதற்கு முன் அந்த எபிரேயர்களின் தேசத்திலேயே போலீஸ் வேலை பார்த்தவன். அந்த ஒரே காரணத்துக்காக உபதேசியார் அவனைக் கண்டால் தொப்பியைக் கழற்றுவார். ஒருதரம் யோர்தான் நதியைப் பார்த்தீர்களா என்று பயபக்தியோடு கேட்டிருக்கிறார். கொசு அதிகம் என்று சொன்னானாம்.

வரிசையில் சித்தப்பாவின் முறை வந்தது. சார்ஜன்ட் அவர் முகத்திலிருந்த துண்டைப் பிரம்பால் இழுத்தான். பார்த்தான். சிரித்தான். மற்ற காவல்காரர்களையும் கூப்பிட்டுக் காட்டினான். பிறகு கார்டை வாங்கி முகத்துக்குப் பக்கத்தில் பிடித்துப் பார்த்தான். சிரிப்பு நின்றது. "ஓராங் லாயின்" என்றான். வேறு ஆள் என்று அர்த்தம். அடையாளத்தை மாற்றப் பார்க்கிறவன், அதுவும் முகாமில் இருப்பவனுடைய தம்பி. அவ்வளவு போதும். லோரியில் ஏறச் சொன்னான்.

பாதித் தாடி என்றால் என்னவென்று அந்தத் தேசத்தில் வேலை பார்த்தவனுக்குத் தெரியாமலா இருந்திருக்கும்? நாற்பது வருஷமாக இதைக் கேட்டுக்கொண்டிருக்கிறேன். கேட்கும்போதெல்லாம் பல் நறநறக்கிறது.

அப்போது எனக்குப் பல் நறநறக்கவில்லை. என் மூளை வேலை செய்வதற்கு அந்த நேரம் பார்த்தது. வீட்டுக்கு ஓடி அந்தப் பேப்பர்ப் பொட்டலத்தை எடுத்துக்கொண்டு திரும்பினேன். சார்ஜன்டின் பூட்ஸுக்கு முன்னால் அதைப் பிரித்து வைத்தேன். சாட்சிப் பொருள்!

"இதான் சார் அவரு தாடி! நான்தான் சார் வெட்டினேன்! அவரு அவருதான் சார்!"

பக்கத்தில் நின்ற, தோட்ட ஆபீஸில் கணக்கெழுதும் கிராணி மொழிபெயர்த்தார். சார்ஜன்ட் பொட்டலத்தைப் பூட்ஸ் நுனியால் கிளறினான். ஏதோ சொன்னான். கிராணி என் முகத்தைப் பார்க்காமல் சொன்னார்: "மேல ஏறிப் பிடிச்சுக் காட்டணுமாம்டா. படத்தோட ஒத்துப்போகுதான்னு பார்க்கணுமாம்."

ஏறினேன். லோரித் தட்டில் குந்தியிருந்த சித்தப்பாவின் வலது கன்னத்தில், இரண்டு கையாலும் முடியை அள்ளி ஒட்டிப் பிடித்தேன். காற்றில் பாதி பறந்தது. இன்னும் மேலே, இன்னும் கீழே என்று சார்ஜன்ட் பிரம்பால் காட்டினான், ஏதோ சுவரில் படம் மாட்டுகிறவனைப் போல. காவல்காரர்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். பயத்தில் எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது. ஆம், சிரித்தேன். என் பயத்தின் லட்சணம் அது. ஊரே அழும்போது எனக்குச் சிரிப்பு வரும். என் விரல்களுக்குக் கீழே சித்தப்பாவின் தாடை ஆடிக்கொண்டிருந்தது. அவரும் சிரிக்கிறார் என்று நினைத்தேன்.

"வுடுறா கண்ணு. இறங்கி வீட்டுக்குப் போ. அம்மாவப் பாத்துக்க" என்றார்.

கார்டைச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்ட சார்ஜன்ட் லோரியைத் தட்டினான். லோரி போலீஸ் ஸ்டேஷன் இருந்த கோலசிலாங்கூர் பக்கம் போனது. கேட்டில் சிதறிக் கிடந்த முடியை அம்மா மண்டியிட்டுப் பொறுக்கினாள். அன்று வேலைக்குப் போன அத்தனை பேரும் அதைச் சுற்றிக்கொண்டுதான் போனார்கள். மிதித்தவன் பூட்ஸ்காரன் மட்டும்தான்.

ஒன்பது நாள். அம்மா என்னோடு பேசவில்லை. தட்டில் சோறு வைப்பாள், முகத்தைத் திருப்பிக்கொள்வாள். உபதேசியாரிடம் போய், சித்தப்பாவின் நேர்த்தியை நான் தொடர முடியுமா என்று கேட்டேன். எனக்குத் தாடி வளர எத்தனை வருஷம் ஆகும் என்றும் சேர்த்துக் கேட்டேன். அவர் என் தலையைத் தடவிக்கொடுத்து அனுப்பிவிட்டார்.

பத்தாம் நாள் மத்தியானம் லோரி வந்து நின்றது. சித்தப்பா இறங்கினார். தாடி இல்லை. மீசை இல்லை. தலையிலும் ஒரு முடி இல்லை. காதுக்கு மேலே கத்தி கீறிய கோடுகள். கையில் புதுக் கார்டு, அதில் புது மொட்டைப் படம். அம்மா ஓடிப்போனாள். பக்கத்தில் போனதும் நின்றுவிட்டாள். அவர் அவளிடம் மெதுவாக ஏதோ சொன்னார். அம்மா அப்படியே கேட் தூணைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாள்.

அவர் சொன்னது என்னவென்று ஒரு வருஷம் கழித்துத்தான் எனக்குத் தெரிந்தது. ஸ்டேஷனில் இருந்த ஒரு தமிழ்க் கிராணி பழைய தாள்களைப் புரட்டிப் பார்த்துச் சொல்லியிருக்கிறார். அப்பாவை ஐந்து மாதத்துக்கு முன்பே கப்பலேற்றி நாகப்பட்டினத்துக்கு அனுப்பிவிட்டார்களாம். இரண்டு வயதில் இந்த நாட்டுக்கு வந்த மனிதர். அங்கே அவருக்கு யாரைத் தெரியும்? வீட்டுக்கு ஒரு வார்த்தை சொல்ல யாருக்கும் தோன்றவில்லை. அந்த ஐந்து மாதமும் சித்தப்பா வெறும் காற்றுக்குத் தாடி வளர்த்துக்கொண்டிருந்தார். அதற்குப் பிறகு நான் கடிதங்களில் அப்பாவின் கையெழுத்தைத்தான் பார்த்தேன், அவரைப் பார்க்கவில்லை.

ஆனால் அன்று கேட்டில் நின்ற எனக்கு இதெல்லாம் எப்படித் தெரியும்? எனக்குத் தெரிந்த கணக்கு ஒன்றுதான். முடி மொத்தமும் போய்விட்டது, நேர்த்தி நிறைவேறிவிட்டது, இனி அப்பா வர வேண்டியதுதான் பாக்கி. நான் அரைகுறையாக விட்ட வேலையை யாரோ நல்ல மனசோடு முடித்துக் கொடுத்திருக்கிறார்கள். அம்மா உட்கார்ந்தது சந்தோஷம் தாங்காமல் என்று நினைத்தேன்.

கேட்டில் அதே சார்ஜன்ட் நின்றிருந்தான். நேராக அவன் முன்னால் போய், பள்ளிக்கூடத்தில் சொல்லிக்கொடுத்தபடி கையைக் கட்டிக்கொண்டு, "தேங்க்யூ சார்" என்றேன்.

அவன் சிரிக்கவில்லை. அம்மாவைப் பார்த்தான். பிறகு முகத்தைத் திருப்பி ரோட்டைப் பார்த்தான்.

காதில் விழவில்லை போலிருக்கிறது என்று, இன்னும் கிட்டே போய் இன்னும் உரக்கச் சொன்னேன்.