அண்ணன்மேல் வந்த சந்தேகம்

சண்டை ஓய்ந்து பாதை திறந்த பிறகு வன்னியிலிருந்து வந்த என் அண்ணன், கொஞ்சக் காலம் வேலணையில் அக்கா வீட்டில் இருந்துவிட்டு, சரவணையில் எங்களோடு தங்கினார். என் கணவர் யாழ்ப்பாணத்தில் வீடு கட்டும் மேசன். நான் கூட்டுறவுச் சங்கக்கடையில் வேலை. எட்டு வயது மகளைப் பள்ளிக்கூடத்திலிருந்து கூட்டிவந்து, நான் வரும்வரை பார்த்துக்கொண்டவர் அண்ணன்தான். அயலெல்லாம் அவரைப் புகழ்ந்தது.

ஒரு ஞாயிறு அவர் மகளைச் சாட்டிக் கடலுக்குக் கூட்டிப்போக நின்றார். கடலென்றால் துள்ளும் பிள்ளை, வயிற்றுக்குத்து என்று படுத்துவிட்டாள். பிறகொரு நாள் பள்ளிக்கூடம் விட்டு அவர் சைக்கிளில் ஏற மறுத்து வெயிலில் நடந்து வந்தாள். எனக்குத் தெரியாமல் அவளுக்குச் சொக்லேட் கொடுப்பது, அவளைக் குளிக்க வார்க்கத் தானே முந்துவது எல்லாம் என் கண்ணில் படத் தொடங்கின. என்னைத் தூக்கி வளர்த்தவரை இப்படி நினைக்கிறேனே என்று என்மீதே வெறுப்பு வந்தது. ஆனாலும் நினைப்பு போகவில்லை.

ஒரு நாள் சொல்லாமல் நேரத்தோடு வந்தேன். அறைக்கதவு உள்ளே பூட்டியிருந்தது. திறக்கச் சுணங்கியது. கணக்குச் சொல்லிக்கொடுத்ததாக அண்ணன் சொன்னார். மேசையில் ஒரு கொப்பிகூட இல்லை.

மகளைக் கூட்டிக்கொண்டு வெளியே நடந்தேன்.

"எனக்குச் சொல்லவேண்டாம் எண்டு மாமா ஏதும் சொன்னவரோ?"

அவள் நடையை நிறுத்தினாள். "சொன்னா நீங்கள் செத்துப்போவியளாம்."

"நான் சாகமாட்டன். நீ ஒரு பிழையும் செய்யேல்லை, பிள்ளை. எதெண்டாலும் சொல்லு."

சொன்னாள். நான் மறிக்காமல் கேட்டேன்.

அன்று வீட்டுக்குப் போகவில்லை. பக்கத்து வீட்டில் இருந்தபடி கணவருக்கு ஆள் அனுப்பினேன். மறுநாள் பிள்ளையை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். டொக்டர் பொலிசுக்கு அறிவித்தார்.

அண்ணன் மறுத்தார். சின்னப்பிள்ளைக் கதையை நம்பிக் குடும்பத்தைக் குலைக்கிறேன் என்று அம்மா என்னை ஏசினார். வெளியே தெரிந்தால் இவளை யார் கட்டுவார்கள் என்றும் கேட்டார். அக்கா மட்டும் வாய் திறக்கவில்லை. அது எனக்குச் சரியாகப் படவில்லை. அவளைத் தனியே பிடித்துக் கேட்டேன்.

"என்ரை பெட்டைப்பிள்ளையை நான் அவரோடை தனிய விடுறேல்லை," என்றாள்.

"ஏன் எனக்குச் சொல்லேல்லை?"

"நிச்சயமாத் தெரியாமல் என்னெண்டு சொல்லுறது?"

எனக்கும்தான் நிச்சயமாகத் தெரியாமல் இருந்தது. அதனால்தான் பிள்ளையிடம் கேட்டேன் என்றேன். அவள் அழுதாள். அடுத்த கிழமை பொலிசுக்கு வந்து தனக்குத் தெரிந்ததைச் சொன்னாள்.

வழக்கு இழுபட்டு இழுபட்டு, கடைசியில் தண்டனை கிடைத்து அண்ணன் மறியலுக்குப் போனார். அம்மா எங்கள் வீட்டில் சாப்பிடுவதை விட்டுவிட்டார். மகள் ஆஸ்பத்திரியில் ஒரு மனநல ஆலோசகரிடம் போய்ப் பேசிவந்தாள். மெல்ல மெல்லத் தூக்கத்தில் திடுக்கிடுவது நின்றது.

வளர்ந்து பெரியவளான பிறகு ஒரு நாள் அவளே கேட்டாள், "நான் சொன்ன உடனையே நம்பினனீங்களோ?"

"ஓம்," என்றேன்.