பின்கட்டில் இருந்த இன்னொரு போன்

இன்டர்நெட் வந்த புதிதில் அதோடு நான் போட்ட சண்டையை என் சம்சாரத்தோடுகூடப் போட்டதில்லை. ராஜபாளையத்தில் எங்கள் தெருவிலேயே முதல் கம்ப்யூட்டர் எங்கள் வீட்டில்தான். எங்களிடம் பேண்டேஜ் துணி வாங்குகிற வெளிநாட்டுக்காரர்கள் ஈமெயிலுக்கு மாறிவிட்டார்கள், நானும் மாறித் தொலைக்க வேண்டியதாயிற்று. போன் வயரில் மாட்டிய மோடம் கீச்சுக் கீச்சென்று கத்தி ஒருவழியாக லைன் கிடைக்கும். ஒரு ஈமெயில் பாதி திறக்கும். பட்டென்று அறுந்துவிடும்.

எப்போதும் அறுந்தாலாவது ஒரு நியாயம் உண்டு. சில நாள் காலை முழுக்க நிற்கும். சில நாள் நாற்காலியில் உட்கார்ந்த சூட்டோடு போய்விடும். "சனியனே, என் தாலியறுக்கவே வந்திருக்கியா?" என்று மேசையில் குத்துவேன். "அதை அடிச்சா உங்க கைதான் வலிக்கும், அதுக்கு ஒறைக்கவா போகுது?" என்பாள் சம்சாரம்.

அதே நாட்களில் அடுத்த வீட்டு அக்காவுக்குப் பெரிய கவலை ஒன்று இருந்தது. ஒரே மகளை துபாயில் கட்டிக் கொடுத்திருந்தார். அவர்கள் வீட்டில் போன் கிடையாது. எங்கள் நம்பரைத்தான் 'பி.பி.' என்று போட்டுச் சொந்தபந்தங்களுக்கெல்லாம் கொடுத்திருந்தார். போன் இல்லாதவர்கள் பக்கத்து வீட்டு நம்பரைத் தம் நம்பராகக் கொடுப்பது அப்போது எல்லா ஊரிலும் நடந்ததுதான். மருமகன் கூப்பிட்டு, ஆபரேஷன் பண்ணிப் பெண்குழந்தை பிறந்திருக்கிறது, இருவரும் சுகம் என்றார். மகளிடம் கொடுங்கள் என்றால், தூங்குகிறாள் என்றார். அடுத்த தடவையும் தூங்குகிறாள்.

"பெத்தவகிட்ட ஒரு வார்த்தை பேச ஏலாத தூக்கம் என்ன தூக்கம் தம்பி?" என்று என்னிடம் கேட்டார் அக்கா. "யா அல்லா, அவரு என்னமோ மறைக்காரு. எம்புள்ள இருக்காளா இல்லையான்னே தெரியலியே." அதன்பின் அவர் சரியாகச் சாப்பிடவில்லை. நாங்கள் எவ்வளவு சொல்லியும் கேட்கவில்லை.

என் லைனோ முன்னைவிட அதிகமாக அறுந்தது. வயரை மாற்றினேன். ஃபேன் காற்றில் ஆடுகிறதோ என்று ஆணி அடித்துக் கட்டினேன். ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து வந்த மெக்கானிக் மோடத்தையே மாற்றினார், கம்ப்யூட்டரில் இருந்ததையெல்லாம் அழித்துப் புதிதாக ஏற்றினார், அவர் பஸ் ஏறுவதற்குள் மறுபடி அறுந்தது. லைன்மேன் கம்பத்தில் ஏறிப் பார்த்துவிட்டு, "வெளிய ஒரு கொறையும் இல்ல சார், வீட்டுக்குள்ள பாருங்க" என்றார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. வீட்டுக்குள் எதைப் பார்க்க?

ஒருநாள் அறுந்த எரிச்சலில் தண்ணீர் குடிக்க எழுந்து போனேன். பின்கட்டில் அதே லைனில் இன்னொரு போன் இருந்தது, சம்சாரத்தின் வசதிக்காக வைத்தது. பின்வாசல் வழியாக வந்த அக்கா அதன் ரிசீவரைச் சத்தமில்லாமல் கீழே வைத்துக்கொண்டிருந்தார். வைத்துவிட்டு முந்தானையால் அதைத் துடைத்தார்.

அட, இதுதானா! வாயில் வந்த வார்த்தை வெளியே விழுவதற்குள் அவரே என்னைப் பார்த்துவிட்டார்.

"தம்பி, கோவிச்சுக்கிடாதிய. போனுக்கு உசுரு இருக்கான்னு செத்த நேரம் எடுத்துப் பாப்பேன். எம்மக கூப்பிடும்போது செத்துக் கெடந்தா என்ன செய்ய? ஆனா சில நேரம் எடுத்தா காதுக்குள்ள கிர்ருனு அலறுது. நாந்தான் கெடுத்துட்டேன் போலன்னு பயந்து வச்சிருவேன். உங்ககிட்ட எப்படிச் சொல்ல?"

அந்த அலறல்தான் இன்டர்நெட், ரிசீவரை எடுத்தால் அது அறுந்துவிடும் என்றேன். அது ஓடும்போது வெளியிலிருந்து யார் கூப்பிட்டாலும் கிடைக்காது என்பதையும் சொல்லித்தான் ஆக வேண்டியிருந்தது. அவர் வாயைப் பொத்திக்கொண்டார். "அப்போ அவ கூப்பிட்டிருந்தா?" நான் போய்க் கம்ப்யூட்டரை அணைத்தேன்.

மறுநாள் மருமகன் கூப்பிட்டார். மறுபடி அதே பல்லவி. அக்காவின் கையிலிருந்து ரிசீவரை நானே வாங்கிக்கொண்டேன். "ஏன்யா, உங்க ஆபீசில ஈமெயில் இருக்கா? அப்படின்னா உங்க சம்சாரத்தை ஒரு போட்டோ எடுத்து அனுப்பும். இங்க ஒரு பொம்பள சோறு தண்ணி இல்லாம கெடக்கா" என்று கத்திவிட்டேன். பாவம், அந்த மனுசன் உடனே அனுப்புகிறேன் என்றார்.

போட்டோ வந்தது. திறப்பதற்கு முன் சம்சாரம் பின்கட்டு போனின் வயரையே பிடுங்கிப் போட்டாள். அக்கா என் நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டு நின்றார். அந்தக் காலத்தில் படம் மேலிருந்து கீழே கொஞ்சம் கொஞ்சமாகத்தான் இறங்கும். முதலில் வெள்ளைச் சுவர். அப்புறம் ஒரு பச்சைத் திரை. தலையணை. கலைந்த முடி. நெற்றி. அங்கேயே நெடுநேரம் நின்றது. பிறகு இரண்டு கண்கள் வந்தன. மூக்கு, உலர்ந்து வெடித்த உதடு, தாடை. பட்டென்று லைன் போயிற்று.

இந்தத் தடவை யாரும் எதையும் எடுக்கவில்லை. எனக்கு வந்த ஆத்திரத்தில் மோடத்தைத் தூக்கித் தெருவில் எறிந்திருப்பேன். "செத்த பொறுங்கக்கா, மறுபடி போடுதேன். பிள்ளை கீழதான் இருக்கும், மடியில" என்று மவுஸைப் பிடித்தேன்.

அக்கா என் கையைப் பிடித்துத் தடுத்தார். "தொடாதிய தம்பி, இது போயிரப் போகுது." கண்ணாடித் திரைக்கு அருகில் குனிந்து, பாதியில் நின்ற அந்த முகத்தையே பார்த்தார். "பிள்ளையப் பொறவு பாத்துக்கிடலாம். எம்புள்ள கண்ணு முழிச்சிருக்கா" என்றார். அப்படியே தரையில் உட்கார்ந்து அழுதார்.