மீசைக்காரரின் முகம்

ஊரார் பேச்சைக் கேட்டு எழுதுவதுதான் என் ப்ளாக். பஸ்ஸில், மீன் கடையில், கல்யாணப் பந்தியில், எங்கே யார் ருசியாக ஒரு வார்த்தை சொன்னாலும் அன்று சாயங்காலமே பதிவு ஏறிவிடும். எழுத்து எளிது, படம்தான் உயிரை வாங்கும். இலவசப் படங்கள் கிடைக்கும் தளங்களில் 'இந்தியத் தெரு வியாபாரி' என்று தட்டினால் ஒட்டகம் வரும். மயிலாப்பூர் மாட வீதியில் எனக்கு எதற்கு ஒட்டகம்? 'இளநீர்' என்று தட்டினால் காதில் பூ வைத்த வெள்ளைக்காரப் பெண் ஸ்ட்ராவோடு சிரிப்பாள்.

சரி, பேசியவரையே எடுத்துவிடலாம் என்று கோயில் குளத்தோரத்து இளநீர்க்காரரிடம் போனேன். காயைக் குலுக்கிப் பார்த்து, "தண்ணி இருக்குமா?" என்று கேட்ட ஒருவரிடம் அவர் சொன்ன பதிலைத்தான் எழுதியிருந்தேன்: "கடவுள் இன்னா எனக்கு ஃபோன் பண்ணி சொல்லிட்டா அனுப்புறாரு?" அப்படிப்பட்ட மனிதர், ஃபோன் கேமராவை நீட்டியதும் ரேஷன் கார்டு படத்துக்கு நிற்பதுபோல விறைத்துப்போனார். அந்த முகத்துக்கும் அந்தப் பேச்சுக்கும் சம்பந்தமே இல்லை.

அப்போதுதான் கீழ்வீட்டு அண்ணன் கிடைத்தார். கோடம்பாக்கத்தில் துணை நடிகராகவே காலம் தள்ளிவிட்டு மயிலாப்பூருக்குக் குடிவந்தவர். மாலை கட்டிய மாதிரி மீசை. ஆனால் சினிமாவில் அந்த மீசையை யாரும் பார்த்ததில்லை. கூட்டத்தில் ஒருவராக, கேமராவுக்கு முதுகு காட்டியே நின்றவர்.

"ஒரே ஒரு ஆசை தம்பி," என்றார். "தெருவுல போறப்ப ஒருத்தனாவது நிறுத்தி, நீங்கதானே அதுன்னு கேக்கணும். ஒருத்தன் போதும்."

"முதுகைத் திருப்பிக்கிட்டு நடங்க, ஊரே கண்டுபிடிச்சிடும்," என்றார் அவர் மனைவி, எனக்கு அண்ணி.

மொட்டைமாடி எங்கள் ஸ்டுடியோ ஆனது. அண்ணி எவர்சில்வர் தாம்பாளத்தைப் பிடித்து வெயிலை அவர் முகத்தில் அடிப்பார். கண் கூசுகிறது என்று அண்ணன் கத்தினால் இன்னும் கிட்ட வருவார். அண்ணன் காக்கிச் சட்டை மாட்டினால் கண்டக்டர், தோளில் துண்டு போட்டால் கல்யாணத் தரகர், லுங்கி கட்டி அரிவாள் எடுத்தால் இளநீர்க்காரர். அடடா, என்ன முகம் அது! ஒவ்வொரு புருவமும் தனித்தனியாக வசனம் பேசியது. வெறி பிடித்ததுபோல எடுத்துத் தள்ளினேன்.

ஒருநாள் ஒரு வாசகர் கேட்டுவிட்டார்: "கண்டக்டர், தரகர், இளநீர்க்காரர் மூன்று பேருக்கும் ஒரே மீசை. மனிதருக்கு எத்தனை வேலை?"

மொட்டைமாடியில் அடுத்த படத்துக்கு நின்ற அண்ணனிடம் கேட்டேன். "அண்ணே, மீசையை எடுத்துடலாமா?"

"எடுத்துட்டா என்னை எவன் அடையாளம் கண்டுபிடிப்பான்?"

"அப்ப அடுத்த படத்துக்கு மட்டும் கொஞ்சம் முதுகைத் திருப்பி..."

சொல்லி முடிக்கவில்லை. அந்த முகம் வாடிய வேகம் இருக்கிறதே! எப்போதும் கேலி பேசும் அண்ணிகூடத் தாம்பாளத்தைக் கீழே வைத்துவிட்டார். "வேண்டாம்ணே, முகமே இருக்கட்டும்," என்று நானே அவசரமாகச் சொன்னேன்.

அந்த வாரமே நாங்கள் இருவரும் குளத்தோரம் நடந்துகொண்டிருந்தோம். பின்னாலிருந்து ஒரு குரல்.

"யோவ், நில்லு நைனா!"

இளநீர்க்காரர். கையில் அரிவாள். யாரோ வாடிக்கையாளர் இளநீர் குடித்துக்கொண்டே என் பதிவை அவருக்குக் காட்டியிருக்கிறார்.

"நீதான அது? பேச்சு என்னுது, மூஞ்சி உன்னுதா? நான் வெயில்ல காஞ்சுக்கினு பேசுவேன், நீ நோகாம மீசைய முறுக்கிக்கினு நிப்பியா?"

மன்னிப்புக் கேட்க நான் வாயைத் திறப்பதற்குள் அண்ணன் பாய்ந்து அவர் கையைப் பிடித்துக்கொண்டார், அரிவாளோடு சேர்த்து.

"என்னைத் தெரியுதா? பார்த்ததுமே தெரிஞ்சுதா?"

"தெரியாம இன்னா? எட்டூருக்குத் தெரியுற மீசை! இன்னாபா இது, திட்டினா சிரிக்கிற?"

அண்ணன் என் ஃபோனைப் பிடுங்கி வீட்டுக்குப் போட்டார். "ஏய், என்னை ஒருத்தர் கண்டுபிடிச்சுட்டாருடி!" என்றவர் ஃபோனை இளநீர்க்காரர் பக்கம் நீட்டினார். "அண்ணே, நீங்களே சொல்லுங்க. திட்டினதையும் சேர்த்தே சொல்லுங்க!"

ஸ்பீக்கரில் அண்ணி நிதானமாகக் கேட்டார்: "முதுகை வச்சா, மூஞ்சியை வச்சா?"

"மூஞ்சிதாம்மா! சத்தியமா மூஞ்சி!" என்று குளமே அதிரக் கத்திய இளநீர்க்காரர், என்ன நடக்கிறது என்று புரியாமலே சிரிக்க ஆரம்பித்தார். விறைப்பெல்லாம் எங்கோ போய்விட்டது. அண்ணன் அழுதுகொண்டே சிரித்தார். பக்கத்துப் பூக்காரம்மா எதற்கென்றே தெரியாமல் கை தட்டினார்.

இப்படி ஒரு படத்துக்காகத்தானே ஒட்டகங்களுக்கு நடுவே அத்தனை நாள் தேடினேன்! சட்டைப் பையைத் தடவினேன். ஃபோன் அண்ணன் கையில், அண்ணியோ மூச்சுவிடாமல் பேசிக்கொண்டிருந்தார்.

அன்றைய பதிவு மட்டும் படம் இல்லாமலே போனது.