கண்ட்ரோல் ரூம் ஷாரோன்

ஓடி, நீளம் தாண்டி, குண்டு எறிந்து காக்கிச் சட்டை வாங்கியவளை நாற்காலியில் உட்காரவைத்துக் காதில் ஹெட்செட்டை மாட்டினால் கோபம் வராதா? ஷாரோனுக்கு வந்தது. ஒரு தேர்த் திருவிழாப் பாதுகாப்பில் நின்றபோது கூட்டத்தில் யாரோ தள்ளிவிட, முழங்கால் சவ்வு கிழிந்தது. நெடுநேரம் நிற்கக்கூடாது என்றார் டாக்டர். அடுத்த மாதமே காவல் கட்டுப்பாட்டு அறைக்கு மாற்றல் வந்தது.

"இன்னா ஷாரோன், ஃபேன் காத்துல குந்திக்கினு வேலை. இதுக்குப் போயி அழுவறே?" என்றான் கணவன் மோகன். அவன் டயர் கம்பெனியில் வெயிலும் ரப்பர் வாடையுமாக உழைப்பவன்.

அவளும் ஒரு காலத்தில் கம்பெனிக்காரிதான். ஸ்ரீபெரும்புதூரில் செல்போன் லைனில் நின்றவள். அந்தக் கம்பெனியை மூடியபோது கூட இருந்தவர்கள் வேறு கேட் தேடிப் போனார்கள். இவள் மட்டும் கான்ஸ்டபிள் தேர்வுக்குப் படித்தாள்.

கட்டுப்பாட்டு அறை வேலை அவள் நினைத்தது போல சும்மா உட்கார்ந்திருக்கும் வேலையாக இல்லை. நூறாம் எண்ணுக்கு அழைப்பவர்களில் பாதிப் பேருக்கு முதலில் பேச்சே வராது. சிலர் கத்துவார்கள். சிலர், "சார், என் பொண்டாட்டி கதவ தொறக்கல, வந்து சொல்லுங்க" என்பார்கள். எதற்கும் எரிந்து விழக்கூடாது. ஒரு காதில் அழுகை, மறு காதில் வயர்லெஸ், கை கம்ப்யூட்டரில். எந்த ரோந்து வண்டி எங்கே நிற்கிறது, எது பக்கம், எது சுற்று என்பது மனதில் ஓடிக்கொண்டே இருக்க வேண்டும். ஓட்டமும் குண்டு எறிதலும் அந்த வாசல்வரைதான் அவளுக்கு உதவின. உள்ளே வந்த பிறகு கேட்கத் தெரிய வேண்டியிருந்தது. அது அவளுக்கு வந்தது. வந்ததும் வேலை பிடித்துப்போயிற்று. மோகன் காய்கறி வாங்கக் கிளம்பினால்கூட, "எந்தக் கடை? எந்தப் பக்கம்? பக்கத்துல இன்னா கீது?" என்று கேட்க ஆரம்பித்துவிட்டாள்.

ஐப்பசியில் ஒருநாள் மதியம். காலையிலிருந்தே விடாத மழை. ஓர் அழைப்பில் பெண் குரல் வந்தது, மூச்சு வாங்கிக்கொண்டு.

"அக்கா, வேனுக்குள்ள தண்ணி வந்துட்டுக்கா. சீட்டு மட்டுக்கும் நிக்கி."

"பேரு இன்னாம்மா?"

"தங்கமாரி."

"தங்கமாரி, எல்லாரும் சீட்டு மேல ஏறி நில்லுங்க. எத்தினி பேரு கீறீங்க?"

"பதினோரு பொம்பளப் பிள்ளைய. டிரைவர் அண்ணன் தண்ணிய பாக்க எறங்குனாவ, இழுத்துட்டுப் போயிட்டு. அந்தால ஒரு மதகுச் சுவத்தப் பிடிச்சிட்டு நிக்காவ."

இருங்காட்டுக்கோட்டை விடுதியிலிருந்து ஒரகடத்துக்கு இரண்டாம் ஷிப்டுக்குப் புறப்பட்ட வேன். மெயின் ரோட்டில் நெரிசல் என்று டிரைவர் குறுக்கு வழியில் திருப்பியிருக்கிறார். எந்த வழி என்று தங்கமாரிக்குத் தெரியவில்லை. கோவில்பட்டிப் பக்கத்திலிருந்து அவள் வந்து ஒரு மாதம்கூட ஆகவில்லை. திரையில் விழுந்த இடமோ ஏதோ ஒரு செல்போன் டவரைச் சுற்றிப் பெரிய வட்டமாகக் காட்டியது. அதற்குள் மூன்று ஏரிகள்.

"கண்ணுக்கு இன்னா தெரியுதோ அத்த சொல்லு."

"நீலக் கூரை போட்ட கம்பெனிக்கா."

நீலக் கூரை இல்லாத இடம் இந்தப் பக்கத்தில் ஏது? "அப்புறம்?"

"கரண்டு டவரு... ரோசாப்பூ கலர்ல ஒரு கட்டடம். மேல கூரையே இல்ல. கம்பி நீட்டிட்டு நிக்கி."

ஷாரோன் நிமிர்ந்து உட்கார்ந்தாள். அவள் கம்பெனி பஸ்ஸில் போன காலத்திலிருந்தே முடியாமல் நிற்கிற கல்யாண மண்டபம் அது. பெயிண்ட் அடித்தவர்கள் கூரை போட மறந்துவிட்டார்கள் என்று பெண்கள் எல்லாம் சிரிப்பார்கள். ஏரி நிரம்பினால் கலங்கலில் வழியும் தண்ணீர் அதன் எதிரில்தான் ரோட்டைத் தாண்டும்.

தீயணைப்பு நிலையத்துக்குச் சொல்லிவிட்டு, மைக்கை அழுத்தி மண்டபம் இருக்கும் இடத்தைச் சொன்னாள். ரோந்து வண்டியில் இருந்தவர் எஸ்.ஐ. அருள்பாண்டி. வண்டி பக்கத்தில்தான் இருந்தது. ஆனால் போய்ச் சேர்ந்ததும் அவர் குரல் இறங்கியிருந்தது.

"கண்ட்ரோல், வேன் தெரியுது. ஜீப் உள்ள போவாது, தண்ணி வேகமா கீது. ஓவர்."

தீயணைப்பு வண்டி நெரிசலில் மாட்டியிருந்தது. ஷாரோன் ஒரு கணம் கண்ணை மூடினாள். காலையில் ஒருவர், ரோடு போடுகிறவர்கள் பொக்லைன் இயந்திரத்தைக் குறுக்கே நிறுத்திவிட்டார்கள் என்று கோபமாகப் புகார் சொல்லியிருந்தார். அவர் சொன்ன திருப்பம் இந்த மண்டபத்தை ஒட்டித்தான் இருந்தது.

"சார், மண்டபத்துக்குப் பின்பக்கம் ரோடு வேலை நடக்குது. பெரிய பொக்லைன் ஒண்ணு நிக்கும். அத்த இட்டுக்கினு வாங்க. ஓவர்."

தங்கமாரியின் போனில் சார்ஜ் குறைந்துகொண்டே வந்தது. "அக்கா, வச்சிராதிய" என்றாள். "நான் வைக்க மாட்டேன். ஜன்னலை நல்லா தொறந்து வையி. தண்ணியில யாரும் எறங்கக்கூடாது. எல்லாரும் கையைக் கோத்துக்கோங்க" என்று ஷாரோன் சொல்லிக்கொண்டிருக்கும்போதே தொடர்பு அறுந்தது.

அதன் பிறகு அவளுக்குச் செய்ய ஒன்றும் இல்லை. வேறு அழைப்புகள் வந்தன. எடுத்தாள், பதில் சொன்னாள், அனுப்பினாள். குரல் மாறவில்லை.

வயர்லெஸ் கரகரத்தது. "கண்ட்ரோல், பொக்லைன் தொட்டியில நிக்க வச்சு எல்லாரையும் கரை ஏத்தியாச்சு. டிரைவரையும் தூக்கியாச்சு. எல்லாரும் சேஃப். ஓவர்."

"ரோஜர் சார்" என்றாள். தண்ணீர் பாட்டிலைத் தேடினாள்.

மறுநாள் மதியம் நூறுக்கு ஓர் அழைப்பு. "அக்கா, நீங்கதான? கொரலு தெரியுது. நான் தங்கமாரி."

"இன்னாம்மா, இன்னா ஆச்சு?"

"ஒண்ணும் ஆவலக்கா. ஞாயித்துக்கிழம ஹாஸ்டல்ல கறிக்கொழம்பு. நீங்க வரணும். ரேசன் கடைக்குப் பின்னாடி."

"இது அவசரத்துக்கான லைனும்மா. இப்பிடிக் கூப்பிடக்கூடாது. வையி."

"சரிக்கா, வச்சிருதேன். வருவியளா?"

ஷாரோன் தொடர்பைத் துண்டித்தாள். உதட்டைக் கடித்துச் சிரிப்பை அடக்க வேண்டியிருந்தது.

ஞாயிற்றுக்கிழமை சர்ச் முடிந்ததும் மோகன் பைக்கை இருங்காட்டுக்கோட்டைக்கு விட்டான். விடுதி மாடியில் பெண்கள் அவளைச் சுற்றி நின்றுகொண்டு ஏற இறங்கப் பார்த்தார்கள்.

"கொரல வச்சு நல்ல நெட்டையா இருப்பியன்னுல்லா நெனச்சோம்" என்றாள் தங்கமாரி.

மோகன் அடக்க முடியாமல் சிரித்தான். "வாயி மட்டும்தாம்மா நீளம்" என்றான். ஷாரோன் அவன் முதுகில் ஒன்று வைத்துவிட்டுத் தரையில் உட்கார்ந்தாள். மடக்க முடியாத காலை நீட்டிக்கொள்ள ஒரு பெண் தலையணை கொண்டுவந்து வைத்தாள். குழம்பு நாக்கைச் சுட்டது. இன்னொரு கரண்டி கேட்டு வாங்கினாள்.