கடைசிப் பெஞ்சிலிருந்து

திராட்சரசம் என் மீசையில் பட்டது, உள்ளே போகவில்லை. கிண்ணம் நெருங்கியபோது நான் உதடுகளை இறுக மூடிக்கொண்டேன். கிண்ணத்தைப் பிடித்திருந்தவர் எங்கள் பேராயர். தொண்ணூறுகளின் நடுவில், ஆரணி ஆலயத்தில் பிள்ளைகளைச் சபையின் முழு உறுப்பினராக்கும் திடப்படுத்தல் ஆராதனை நடந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை அது.

அவர் சேத்துப்பட்டுப் பக்கம் நிலமில்லாத கூலிக் குடும்பத்தில் பிறந்தவர். பேராயராவதற்கு முன் எங்களுக்கே ஆயராக இருந்தார். நான் பள்ளித் தலைமையாசிரியர், சபைச் செயலரும்கூட. ராப்போஜனம் என்னும் திருவிருந்தில் திராட்சரசம் பருக எல்லோருக்கும் ஒரே கிண்ணம். அதனால் ஊருக்குள் இருந்த பழைய குடும்பத்தார் நாங்கள் முதலில் போய் முழங்காலிடுவோம். பக்கத்து ஊரான முள்ளிப்பட்டிலிருந்து வரும் கூலிக்காரர்கள் பிறகுதான். சாதி என்ற சொல்லை நாங்கள் யாரும் வாய்விட்டுச் சொன்னதில்லை. ஆயராக இருந்தபோதே அவர் இந்த வரிசையை மாற்றப் பார்த்தார். சபைக் கமிட்டியில் நான்தான் தடுத்தேன்.

பேராயராக வந்த அந்த ஞாயிறன்று அவர் யாரையும் கேட்கவில்லை. "இன்னைக்குக் கடைசிப் பெஞ்சிலிருந்து வாங்க" என்றார்.

"நாங்களாங்கய்யா மொதல்ல?" என்றார் முள்ளிப்பட்டு அம்மா ஒருவர்.

"நீங்கதாம்மா. இன்னும் ஒக்காந்துகினு இருக்கீங்களே! ஜல்தி வாங்க, எனக்கும் பசிக்குது."

சிரித்துக்கொண்டே வந்தார்கள். அவர்களுக்குப் பிறகு நான்.

ஆராதனை முடிந்ததும், நான் குடிக்காததைக் கமிட்டி முன்னால் சொல்லிவிடுவாரோ, இத்தனை வருட மரியாதை போய்விடுமோ என்று பயந்தேன். அவர் மற்றவர்களை வெளியே அனுப்பிவிட்டு, "என்ன சார், மீசைக்கு மட்டும் ராப்போஜனமா?" என்றார். நான் கைக்குட்டையால் மீசையைத் துடைத்தேன். "யார்கிட்டயும் சொல்லமாட்டேன். ஆனா அடுத்த தடவையும் கடைசிப் பெஞ்சிலிருந்துதான்" என்றார் அவர்.

சொன்னபடியே இருந்தார். நானோ, அவர் வரும் ஞாயிறுகளில் போளூர் ஆலயத்துக்கு பஸ் ஏறினேன். பின்னர் என் மனைவி வேலூரில் மருத்துவமனைப் படுக்கையில் கிடந்தபோது, அவர் வந்து பக்கத்தில் உட்கார்ந்து ஜெபித்தார். அந்தக் கிண்ணத்தைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. கேட்டிருந்தால் வாதாடியிருப்பேன். அவர் கிளம்பியபோது வாசல் வரை கூடவே போய் வழியனுப்பினேன்.

ஓய்வுபெறுமுன் கடைசியாக அவர் ஆரணிக்கு வந்தபோது, முள்ளிப்பட்டார் அனைவரும் எழுந்து போன பின் கடைசி ஆளாக நான் முழங்காலிட்டேன். கிண்ணத்தில் மிஞ்சுவதைக் குருவானவரே அருந்தி முடிப்பது முறை. அன்று அவர் அதை என்னிடமிருந்து எடுக்கவில்லை.

"முழுக்கக் குடிங்க சார்" என்றார் மெல்ல. குடித்தேன்.

இன்று எங்கள் ஆலயத்தில் யார் முதலில் போகிறார்கள் என்று யாரும் பார்ப்பதில்லை. என் பேரப்பிள்ளைகளுக்கு அப்படியொரு வரிசை இருந்ததே தெரியாது. பேராயர் உயிரோடு இருக்கும்போதே அவருக்கு நன்றி சொல்லிவிட்டேன். அந்த முள்ளிப்பட்டு அம்மா அதற்கு முன்பே இறந்துவிட்டார். மன்னிப்பை நான் கேட்டிருக்க வேண்டியது அவரிடம்.